நிற்காத கதிர்கள்

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டைத் தெரியாத கோயமுத்தூர்க்காரங்க இருக்க முடியாது. ஆனா டி.பி.ன்னா என்னன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. திவான் பகதூர். நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாருக்குக் கிடைத்த பட்டம் அது. புரத்தின் பெயரும் அவருடையதுதான். சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகணும், ரோடு எங்கே அகலமா இருக்கணும் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஊர் அதன்படி வளர்கிறது. கோவையின் துணிக்கும் நூலுக்கும் பின்னால் இருப்பதும் இப்படிப்பட்ட முடிவுகளின் வரலாறுதான்.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கினார். அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் கோவையில் மில்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. 1932-33-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கம்பி இறங்கி வந்ததும் நிலைமை மாறியது. பஞ்சு வியாபாரத்திலும் விவசாயத்திலும் பணம் சேர்த்த குடும்பங்கள் வரிசையாக மில் கட்டின. பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் புகைபோக்கிகள் எழுந்தன.

அதே மின்சாரம் தோட்டத்துக்கும் போனது. அதுவரை கொங்கு நாட்டில் தண்ணீர் இறைத்தது கவலை. ரெண்டு மாடு, ஒரு சரிவு, கயிற்றின் முனையில் தோலில் தைத்த சால். அந்தத் தோலைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அறுவடையில் அவர்களுக்குத் தானியப் பங்கு உண்டு. மோட்டாருக்குத் தோல் தேவைப்படவில்லை. கிணறு வைத்திருந்தவருக்குக் கரண்ட் வந்தபோது, சால் தைத்தவரிடமிருந்து வேலை போனது.

மோட்டார் பிறகு அரசியலானது. 1970-இல் மின்கட்டண உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை அடைத்தன. 1990-இல் விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை, சந்தேகமில்லை. ஆனா கிணறே இல்லாத வீட்டுக்கு அந்த இலவசத்தில் பங்கில்லை.

அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? நிறையப் பேர் மில்லுக்குப் போனார்கள். எந்த நிபந்தனையில் போனார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

1948-இன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை ராத்திரி ஷிப்டில் வைக்கக்கூடாது என்றது. நோக்கம் பாதுகாப்பு. நடைமுறையில், மூன்று ஷிப்ட் ஓடும் மில்லுக்குப் பெண் தொழிலாளி பாதி ஆளாகத் தெரிந்தாள். சங்கம், நிரந்தர வேலை, பஞ்சப்படி எல்லாம் பெரும்பாலும் ஆண்களோடு நின்றன. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி, தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளோடு பெண்கள் இரவில் வேலை செய்யலாம் என்றது. சரியான தீர்ப்பு. ஆனா அது வந்து விழுந்த காலத்தைப் பாருங்க.

1999 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஜவுளித் துறைக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. புது மெஷின் வாங்கும் கடனுக்கான வட்டியில் 5 சதவீதத்தை அரசே ஏற்கும். 2005 ஜனவரி 1-ஆம் தேதி உலக ஜவுளி வர்த்தகத்தின் கோட்டா முறை முடிந்தது. ஏற்றுமதிக்குக் கதவு திறந்தது. கடனில் வாங்கிய மெஷின் நின்றால் வட்டி நிற்காது. கதிர்கள் இருபத்து நாலு மணி நேரமும் சுற்றியாகணும். பக்கத்திலேயே குடியிருக்கும், சங்கம் சேராத, எந்த ஷிப்டுக்கும் கூப்பிடக்கூடிய ஆள் வேண்டும்.

ஆள் கிடைக்க ஒரு வழி 1990-களிலேயே உருவாகியிருந்தது. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம்னு பல பேர். பதினைந்து, பதினாறு வயசுப் பெண்ணை ஏஜென்ட் ஊரில் வந்து பார்ப்பார். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகக் கல்யாணப் பணம். மாசச் சம்பளம் கொஞ்சம்தான். வெளியே போக அனுமதி எப்போதாவது. உடம்பு முடியாமல் நடுவில் கிளம்பினால் மொத்தத் தொகை போச்சு. வரதட்சணையைச் சட்டம் 1961-லேயே தடை செய்துவிட்டது. அதற்கான சேமிப்புத் திட்டமோ மில் நோட்டீஸில் அச்சாகி ஊர் ஊராகப் போனது. வந்தவர்களில் தலித் குடும்பத்துப் பெண்கள் கணிசம்.

சட்டப்படி அவர்களுக்குப் பெயர் அப்ரண்டிஸ். மெஷின் வரிசையில் ஓடி ஓடி அறுந்த நூலை ஒட்டுவதைப் பழக மூன்று வருஷம் ஆகாது. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போவதற்கும் பயிற்சி வேண்டியதில்லை. ஆனா ‘பழகுபவர்’ என்ற ஒரு சொல் குறைந்தபட்சக் கூலியைத் தள்ளிவைக்கப் போதுமாக இருந்தது. 2008-இல் தமிழக அரசு மில் அப்ரண்டிஸ்களுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. மில்கள் வழக்குப் போட்டன. 2016-இல்தான் உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதி செய்தது. எட்டு வருஷம். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்த பெண்கள் ரெண்டு தலைமுறை முடித்துப் போயிருப்பார்கள். 

அரசும் கல்யாணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், குறிப்பிட்ட வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பணம் தந்தது. நிறையப் பெண்களைப் பள்ளியில் சில வருஷம் கூடுதலாக உட்கார வைத்தது அந்த நிபந்தனை. ஆனா பத்தாவதுக்கும் கல்யாணத்துக்கும் நடுவிலிருந்த வருஷங்களுக்கு அதில் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் மில் பஸ் வந்து நின்றது.

2022-இல் அந்தத் திட்டம் புதுமைப்பெண்ணாக மாறியது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் மாசம் 1,000 ரூபாய். தொகை சின்னது. அது வரும் நேரம்தான் பெரிய விஷயம். கல்யாண மேடையில் கைமாறிய பணம் இப்போது பதினெட்டு வயசில் அவள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகிறது.

மில்கள் ஆளில்லாமல் நின்றுவிடவில்லை. விடுதிகளில் இன்று ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த இளம் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். நீண்ட ரயில் பயணத்துக்கு அப்பால் வீடு, தெரியாத பாஷை, அதே மூன்று ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை டி.பி. ரோட்டுக் கடைகளில் நாம் தடவிப் பார்க்கும் துணியின் நூலை அவர்கள்தான் ஒட்டியிருக்கக்கூடும். மாசம் 1,000 ரூபாய் அவர்களுக்குக் கிடையாது. அது இங்குள்ள பள்ளியில் படித்தவர்களுக்கு.