எண்ணப்பட்ட உடல்கள், எண்ணப்படாத உடல்கள்

நோயை எண்ணுவது மருத்துவ வேலை மட்டுமில்லை, அதிகாரத்தின் வேலையும்கூட. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் முன்வைத்து இதைப் பேசலாம்னு நினைக்கிறேன்.

1945 ஆகஸ்டில் குண்டுக்குத் தப்பியவர்களிடம் ஓரிரு ஆண்டுகளில் லுகேமியா தலைகாட்டியது. 1940களின் இறுதியிலேயே அதைக் கவனித்தவர் தகுசோ யமவாகி என்ற ஹிரோஷிமா மருத்துவர். குண்டு வெடித்த இடத்துக்கு அருகில் இருந்தவர்களிடமே நோய் மிகுதி என்பதை அமெரிக்க மருத்துவர்களுடன் சேர்ந்து 1952இல் எழுதினார். பிள்ளைகளைத்தான் அது முந்திப் பிடித்தது.

1947இல் அமெரிக்கா அங்கே நிறுவிய அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம் ஆராயும். கொள்கையாகவே சிகிச்சை தராது. ஜீப் வரும், கூட்டிப்போகும், ரத்தம் எடுக்கும், திருப்பி அனுப்பும். உடல் தரவாயிற்று, மனுஷன் நோயாளியாகக்கூட ஆகலை.

ஆயுட்கால ஆய்வு என்ற பெரும் பதிவேடு 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறது. அதற்குமுன் ஐந்தாண்டுகளில் செத்தவர்கள் அதில் இல்லை. சாவைப் பின்தொடர்ந்தது ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டின் வழியாக. காலனியக் கொரியாவிலிருந்து வந்து அதே குண்டில் வெந்து, பிறகு ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கானோர் இந்த வலைக்கு வெளியே நின்றார்கள். பதிவேடு யாருடையதோ, சாவும் அவர்களுடையதாகத்தான் எண்ணப்படும்.

ஓரளவாவது கதிர்வீச்சு பட்டதாகக் கணிக்கப்பட்ட 49,204 பேரில் 1950 முதல் 2000 வரை லுகேமியாவால் இறந்தவர்கள் 204. இதில் 94 சாவுகள் கதிர்வீச்சால் கூடியவை என்கிறது ஆய்வு. எந்த 94 பேர்? புள்ளியியல் விரல் நீட்டிச் சொல்லாது. இந்த மௌனத்தில்தான் அரசு ஒளிந்துகொள்கிறது. உன் நோய் குண்டால் வந்ததுதான்னு நிரூபி என்று தனிமனிதரிடம் கேட்கிறது. நோய்க்காரணத்தைச் சதவீதமாக்கி விண்ணப்பங்களைத் தள்ளிய ஜப்பான் அரசுக்கு எதிராக 2003இல் ஹிபாகுஷாக்கள் கூட்டாக வழக்காடினார்கள். பெரும்பாலான தீர்ப்புகள் அவர்கள் பக்கமே. 2008இல் அரசு விதிகளைத் தளர்த்த வேண்டிவந்தது.

லுகேமியா அலை தணிந்த பிறகும் கதை முடியலை. எலும்பு மஜ்ஜை ஒழுங்காக ரத்தம் உண்டாக்காமல் போகும் எம்டிஎஸ் என்ற கோளாறு, அதிகக் கதிர்வீச்சு பட்ட நாகசாகிக்காரர்களிடம் கூடுதல் என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. 1985க்குப் பிறகு கண்டறிந்த நோயாளிகள் இவர்கள். ஒரு நொடி வெளிச்சம் மஜ்ஜைக்குள் நாற்பதாண்டு தங்கியிருக்கிறது.

இதெல்லாம் நமக்கெதற்கு? கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் தொழிலாளி வாங்கலாம் என அனுமதிக்கப்படும் கதிர்வீச்சின் அளவு, பெரும்பகுதி இந்தப் பதிவேட்டை நம்பி வகுத்த உலகப் பரிந்துரைகளை ஒட்டியதுதான். ஒப்பந்தக் கூலியாக வந்து போகிறவரின் அளவு எந்த ஏட்டில் ஏறுகிறது, வேலை முடிந்து ஊர் திரும்பிய பின் அவர் ரத்தத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பதிலிருந்து நம் அரசியலைத் தொடங்கலாம்.