விண்மீன் குழாமும் விண்மீன் பேரடையும்

விண்மீன் குழாம் என்பது, பூமியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுசேர்ந்தாற்போல் தெரியும் விண்மீன்களின் உருவம். இன்றைய வானியலில் அவ்வுருவத்தைச் சுற்றி எல்லை வகுத்த வானப் பரப்புக்கும் அதே பெயர்தான். கேலக்ஸி என்று பரவலாகச் சொல்லப்படும் விண்மீன் பேரடை, கோடானுகோடி விண்மீன்களும் வளிமமும் தூசும் கரும்பொருளும் ஈர்ப்பால் பிணைந்து கிடக்கும் தொகுதி. இரண்டையும் ‘நட்சத்திர மண்டலம்’ என்றே எழுதிவிடுவதால் தமிழில் குழப்பம் கூடுதல். இரண்டுக்கும் பொதுவாக ஒரே பெயர் வழங்கும் ஆந்திரோமெடாவை எடுத்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

கிரேக்கப் புராணத்தில் ஆந்திரோமெடா பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தொகுத்த 48 குழாம்களில் அவளும் உண்டு. அவளது தலையாகக் கருதப்படும் அல்பெராட்ஸ் சுமார் 97 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் உத்தரட்டாதிக்குரிய இரு மீன்களில் ஒன்றாக இதைக் கொள்வது வழக்கம். இடுப்பில் உள்ள மிராக் ஏறத்தாழ 200 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. படத்தில் கோடு போட்டு இணைத்திருக்கும் இவ்விரண்டுக்கும் இடையே உறவு ஏதுமில்லை. வேறொரு விண்மீனின் அருகே போய் நின்று பார்த்தால் இளவரசி கலைந்துவிடுவாள்.

மிராக்கிலிருந்து சற்று வடமேற்கே மங்கலான ஒரு திட்டு தெரியும். பாரசீக வானியலாளர் அல் சூஃபி கி.பி. 964இல் அதைச் சிறு மேகம் என்று குறித்துவைத்தார். வானியலாளர் மெஸ்ஸியே தம் வான்பொருள் பட்டியலில் 31ஆம் எண்ணைக் கொடுத்ததால் அதற்கு எம்31 என்ற பெயரும் உண்டு. அது நாம் இருக்கும் பால்வழிக்குள் உள்ள வளிம மேகமா, தனியொரு பேரடையா என்பது நெடுங்கால வழக்கு. 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் வானியலாளர்கள் ஷேப்லியும் கர்ட்டிசும் இதையொட்டி எதிரெதிராக வாதிட்டார்கள், முடிவு எட்டவில்லை.

தீர்ப்பு 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியிலிருந்து வந்தது. எம்31ஐப் படமெடுத்த கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியை வானியலாளர் எட்வின் ஹபிள் முதலில் ‘நோவா’ (திடீரென ஒளி கூடும் விண்மீன்) என்று குறித்தார். பிறகு அதை அடித்துவிட்டு, ஒளி மாறும் விண்மீன் என ஆச்சரியக்குறியுடன் எழுதினார். அது சிபீடு வகை. அவ்வகை மீனின் ஒளி ஏறி இறங்கும் காலத்தைக் கொண்டே அதன் உண்மையான ஒளிர்வைக் கணிக்கலாம் என்று வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட் 1912இல் காட்டியிருந்தார். அந்த ஒளிர்வைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டு ஹபிளுக்குக் கிடைத்த தொலைவு சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. சிபீடுகளில் இரு வகை உண்டென்பது பின்னரே தெரிந்ததால் அத்தொலைவு திருத்தப்பட்டது; இன்றைய கணக்கு 25 லட்சம் ஒளியாண்டு. குறைத்து மதிப்பிட்ட அளவே அதைப் பால்வழிக்கு வெளியே தள்ளப் போதுமானதாயிருந்தது. பால்வழியின் வட்டத்தட்டே 1 லட்சம் ஒளியாண்டு அகலந்தான்.

ஆகவே ‘ஆந்திரோமெடா குழாமில் உள்ள பேரடை’ என்பது திசையைச் சொல்லும் பேச்சு. தென்னங்கீற்றுக்கு நடுவே நிலா தெரிவதால் நிலா மரத்தில் இருப்பதாகாது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922இல் 88 குழாம்களை ஏற்றது. பெல்ஜிய வானியலாளர் யூஜின் டெல்போர்ட் வகுத்த எல்லைகள் 1930இல் வெளியாயின. வானம் முழுவதும் நிலம் அளந்ததுபோல் பிரிக்கப்பட்டுவிட்டதால், எந்தப் பேரடையும் ஏதாவதொரு குழாமின் எல்லைக்குள் விழுந்தே தீரும்.

நம் பால்வழியும் ஒரு பேரடையே. அதில் 10,000 கோடி விண்மீன்களுக்குக் குறைவில்லை. அதன் மையம் தனுசு ராசியின் திசையில் சுமார் 26,000 ஒளியாண்டு அப்பால் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் விண்மீன்கள் எல்லாமே, எந்தக் குழாமைச் சேர்ந்தவையானாலும், பால்வழிக்குள் அடங்கியவை.

குழாம்களில் உறவே கிடையாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. சப்தரிஷியின் ஏழு மீன்களில் நடுவிலுள்ள ஐந்தும் ஒன்றாகப் பிறந்து ஒரே திசையில் நகர்கின்றன. இரு முனைகளில் உள்ளவை அந்நியர்கள். கார்த்திகை வேறு வகை: ஏறத்தாழ 440 ஒளியாண்டில் ஈர்ப்பால் கூடியிருக்கும் விண்மீன் கொத்து. கண்ணுக்கு ஆறு மீனாகத் தெரியும் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் உண்டு. பேரடையோடு ஒப்பிட அதுவும் மிகச் சிறியது.

தமிழ்நாட்டில் எம்31 வடவானில் உச்சத்துக்கு வருவது கார்த்திகை மாதத்து முன்னிரவில். மழை மேகம் பெரும்பாலும் விடாது. தை மாதம் இருட்டியவுடன் வடமேற்கே பார்ப்பது நல்லது, நிலவும் நகர வெளிச்சமும் இல்லாத இடமாக இருந்தால். தொலைநோக்கிப் படங்களில் முழுநிலவைப்போல் ஆறு மடங்கு அகலமுள்ள இப்பேரடையில், வெறுங்கண்ணுக்கு எட்டுவது நடுப்பகுதியின் மங்கல் மட்டுமே. இன்னும் இரண்டு பேரடைகளை வெறுங்கண்ணால் காண விரும்புவோர் கன்னியாகுமரிக்கோ இலங்கையின் தென்கரைக்கோ போகலாம்: பெரிய, சிறிய மெகல்லன் முகில்கள் அங்கே தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வந்துபோகின்றன.