மலையகத் தோட்டங்களில் கொக்லியர் உள்வைப்பு: செவிப்புலனற்றோரின் கருத்துகளும் வாழ்க்கைத் தரமும்

கொக்லியர் உள்வைப்பு என்பது உட்செவியின் நத்தைச்சுருளுக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி, கேள்நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி. காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரணக் கேட்டல் கருவி ஒலியைப் பெருக்கித் தருவதோடு நின்றுவிடும். உள்வைப்போ பழுதான மயிர்க்கலங்களின் வேலையையே ஏற்றுக்கொள்கிறது. காது மருத்துவத்தின் பெரும் வெற்றிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஆனால் இதைப் பற்றிச் செவிப்புலனற்றோரிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. வரவேற்போர், எதிர்ப்போர், பொருத்திக்கொண்ட பிறகும் சைகை மொழியைக் கைவிடாதோர், பொருத்திய கருவியைக் கழற்றி வைத்துவிட்டோர் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இந்த விவாதத்துக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: காது கேளாமல் பிறந்த பிள்ளைக்கு உரிய வயதில் ஏதாவது ஒரு மொழி முழுமையாகக் கிடைக்கிறதா?

கருவியும் அதன் எல்லையும்

பாரிஸில் 1957இல் ஜூர்னோ, எயிரியே என்ற இருவர் கேள்நரம்பை முதன்முதலில் நேரடியாக மின்னால் தூண்டிக் காட்டினர். அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் 1961இல் ஒற்றை மின்முனைக் கருவியுடன் தொடங்கினார். வியன்னாவில் ஹொக்மயர் தம்பதியர் 1977இலும், மெல்பர்னில் கிரேம் கிளார்க் 1978இலும் பல மின்முனைகள் கொண்ட கருவிகளைப் பொருத்தினர். கிளார்க்கின் தந்தை காது மந்தமான ஒரு மருந்தாளர். கடையில் அவர் பட்ட சிரமங்களைப் பார்த்து வளர்ந்தவர் மகன். இன்று உலகெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன.

ஆரோக்கியமான செவியில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உண்டு. உள்வைப்பில் இருப்பவை 12 முதல் 22 வரையான மின்முனைகள். ஆகவே அது தருவது இயற்கையான கேட்டல் ஆகாது. மூளை பழகிப் பழகி அதைப் பேச்சாக இனங்காண வேண்டும். சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கி, பிறகு மீண்டும் மீண்டும் அளவு சரிசெய்து, ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும். பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் பொருத்தினால் பலன் அதிகம். பேசிப் பழகிய பிறகு கேள்வியை இழந்தவர்களுக்கும் நல்ல பலன் தரும். கேளாமலே வளர்ந்துவிட்ட பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒலியை உணர்த்துவதோடு நின்றுவிடும். காதுக்கு வெளியே அணியும் பகுதியைக் குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றிவிடுவது வழக்கம். அந்த நேரங்களில் அணிபவர் மீண்டும் முழுமையாகக் கேளாதவர்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது

செவிப்புலனற்றோர் பலர் இந்தக் கருவியை ஐயத்தோடு பார்ப்பதற்கு நூற்றாண்டு கடந்த காரணம் உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் காது கேட்பவர்கள். பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை விலக்கப்பட்டது. கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். சைகை மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் ஆய்வால் நிறுவிய பிறகே கல்வியுலகம் மெல்ல மாறியது. மிலான் தீர்மானங்களால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது 2010இல், வான்கூவர் மாநாட்டில்.

இந்த நினைவு ஆறாத சமூகத்திடம், "உங்கள் பிள்ளைகளைக் கேட்க வைக்கிறோம்" என்று கருவி வந்தபோது, அது பழைய தீர்மானத்தின் புதிய வடிவமாகவே தோன்றியது. அமெரிக்கச் செவிப்புலனற்றோர் தேசிய சங்கம் 1991இல் பிள்ளைகளுக்கு உள்வைப்பதைக் கடுமையாக எதிர்த்தது. தன் உடல் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாத பிள்ளைக்காகப் பெற்றோர் மீளமுடியாத முடிவெடுக்கலாமா என்பது அதன் கேள்வி. 2000இல் அதே சங்கம் நிலையைத் தளர்த்திக்கொண்டது. கருவி பல வழிகளில் ஒன்று, பெற்றோருக்கு முழு விவரம் தரப்பட வேண்டும், கருவி பொருத்திய பிள்ளைக்கும் சைகை மொழி மறுக்கப்படக் கூடாது என்றது. அதே ஆண்டு வெளிவந்த 'சவுண்ட் அன்ட் ஃபியூரி' ஆவணப்படம், ஒரே குடும்பத்தின் இரண்டு சகோதரர் வீடுகள் இந்தக் கேள்வியில் பிரிந்து நிற்பதைக் காட்டியது. சில ஆண்டுகளில், முதலில் மறுத்த வீட்டுப் பெண்ணுக்கும் கருவி பொருத்தப்பட்டது. அவள் சைகையையும் விடவில்லை.

கருத்து வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் ஒருவர் எந்த வயதில் கேள்வியை இழந்தார், எந்த மொழியில் வளர்ந்தார் என்பதில் இருக்கிறது. நாற்பது வயதில் காய்ச்சலிலோ மருந்தின் பக்கவிளைவிலோ கேள்வி போனவருக்கு அது இழப்பு. கருவி இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. சைகை பேசும் நண்பர்கள் நடுவே வளர்ந்தவருக்கு இழந்தது என்று எதுவுமில்லை. அவரை நோயாளி என்று அழைப்பதுதான் புண்படுத்துகிறது. குழந்தையிலேயே பொருத்தப்பட்டு வளர்ந்தவர்கள் மூன்றாவது குரல். இரண்டு உலகமும் எங்களுக்கு வேண்டும் என்கிறார்கள் பலர். இரண்டிலும் பாதியாக நிற்கிறோம் என்கிறார்கள் சிலர்.

இலங்கைப் பின்னணி

இலங்கையில் செவிப்புலனற்றோர் கல்வி, பாளையங்கோட்டை ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் பள்ளியின் மரபோடு தொடர்புடையது. அங்கு பணியாற்றிய மேரி சாப்மன் 1912இல் இலங்கையில் தொடங்கிய பாடசாலையே இன்றைய இரத்மலானைச் செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தொடங்கியது. ஹட்டனிலிருந்து கைதடிக்குப் போய்ச்சேர ஒரு பகல் முழுவதும் வேண்டும். ஏ9 வீதி மூடிக்கிடந்த போர் ஆண்டுகளில் அந்த வழியும் அடைபட்டது.

வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றது. சைகை மொழியைக் கற்க வசதி செய்ய வேண்டும், செவிப்புலனற்றோர் சமூகத்தின் மொழி அடையாளத்தை வளர்க்க வேண்டும் என்று அச்சாசனத்தின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. உள்வைப்புச் சத்திரசிகிச்சை கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் செய்யப்பட்டுள்ளது. கருவி வெளிநாட்டிலிருந்து வருவது. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது, டொலரில் விலை குறிக்கப்பட்ட எல்லாப் பொருள்களையும் போல இதன் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயின. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் பேச்சு மொழி சிகிச்சையாளர்களையும் செவிப்புலனியலாளர்களையும் பயிற்றுவிக்கிறது. ஆனால் நாட்டில் தமிழில் பயிற்சி தரக்கூடியவர்கள் மிகக் குறைவு. கருவியைக் கொடையாகப் பெற்றுவிட்டாலும், தமிழில் பேசக் கற்றுத்தர ஆள் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அது வெறும் இரைச்சல்தான்.

தோட்டத்தின் நிலை

தோட்டத்தில் கேளாமை பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருகிறது. தாய் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் கொழுந்து பறிக்கத் திரும்புகிறாள். பிள்ளை பகல் முழுவதும் பிள்ளை மடுவம் எனும் தோட்டக் குழந்தைக் காப்பகத்தில். அங்கே பல பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்று திரும்பிப் பார்க்கவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்ற ஆறுதல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது. உள்வைப்புக்கும் சரி, மொழிக்கும் சரி, விலைமதிப்பற்ற ஆண்டுகள் அவைதான். மாமன் மகள், அத்தை மகன் எனச் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்கள் மரபுவழிக் கேளாமை வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. இதைச் சொல்லும்போது பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. முன்பு கேளாமைக்குப் பெருங்காரணமாயிருந்த ருபெல்லாவை இலங்கை தடுப்பூசியால் ஒழித்துவிட்டதாக 2020இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. தோட்டங்களுக்கும் சேர்ந்த வெற்றி அது.

கருவி பொருத்திய பிள்ளையைத் தோட்டத்தில் வளர்ப்பது எளிதன்று. பயிற்சி என்பது ஒரு நாளில் பல மணி நேரம் தாயோ தந்தையோ பிள்ளையோடு பேசிக்கொண்டே இருப்பது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் இடத்துக்கு, போகிறவளுக்கு அந்த மணி நேரம் எங்கே இருக்கிறது? அடிப்படை நாட்சம்பளமாக 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது 1,350 ரூபாய். கருவியின் அளவு சரிசெய்யக் கொழும்புக்கு ஒருமுறை போய்வர, ரயிலில் ஐந்தாறு மணி நேரம் ஒரு திசைக்கு. பயணச் செலவோடு இரண்டு பேர் சம்பளமும் போகும். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட வைத்தியசாலையும், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் அருகிலேயே உள்ளன. உள்வைப்பின் பின்னான பராமரிப்பு இவற்றில் தமிழில் கிடைக்குமானால் குடும்பங்களின் சுமை பெரிதும் குறையும்.

மழையும் பனிமூட்டமும் கருவியின் பகைவர்கள். ஈரம் புகுந்தால் வெளிப்பகுதி கெடும். அதை ஒவ்வோர் இரவும் உலர்பெட்டியில் வைக்க வேண்டும். கூரை ஒழுகும் லயத்து வீட்டில் இது சிறு வேலையாகத் தோன்றாது. வளர்ந்து கொழுந்துக்குப் போகிறவருக்குக் கூடைக்கயிறு உச்சந்தலையிலிருந்து காதுகளின் பின்புறமாக இறங்கும். கருவியின் காந்தச் சுருள் ஒட்டியிருப்பதும் அங்கேதான். மெல்பர்னிலும் வியன்னாவிலும் வடிவமைத்தவர்கள் இந்தத் தலையை நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

மறுபக்கம், கருவியும் இன்றி, சைகைப் பள்ளியும் இன்றி வளர்ந்த பெரியவர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். உலக விவாதத்தில் அதிகம் மறக்கப்படுபவர்கள் இவர்கள். வீட்டார் மட்டும் புரிந்துகொள்ளும் சில கையசைவுகளே இவர்களுக்கு மொழி. "கொழுந்து எடுக்கக் காது எதுக்கு?" என்று சொல்லி இளமையிலேயே மலைக்கு அனுப்பப்பட்டவர்கள். பறிப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் நிறுவையில் கழிவு என்று கிலோவைக் குறைத்துப் போடும்போது தட்டிக் கேட்க அவர்களுக்கு வாயில்லை. ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல இன்னொருவர் உடன் போக வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவு மூடிய பிறகு, சரிவில் இருக்கும் லயங்களில் எச்சரிக்கை ஓர் உயிர்ப் பிரச்சினை. ஒலிபெருக்கியில் வரும் எச்சரிக்கை இவர்களை எட்டாது. கருவியைக் கழற்றிவிட்டு உறங்கும் பிள்ளையையும் எட்டாது. இவர்களை ஊமை என்றே ஊர் அழைக்கிறது. அந்தச் சொல்லை விட்டொழிக்கப் பணம் எதுவும் செலவாகாது.

தமிழ்நாட்டு அனுபவம்

தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உள்வைப்பு இலவசமாகச் செய்யப்படுகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு வழி திறந்த திட்டம் இது. ஆனால் பொருத்திச் சில ஆண்டுகள் கழித்து வெளிக்கருவி பழுதாகும்போதும், வடம் அறும்போதும், செலவு பெற்றோர் தலையில் விழுவது அங்கும் கேரளத்திலும் பெருங்குறையாகப் பேசப்பட்டிருக்கிறது. மலையகத்துக்காக எவரேனும் திட்டமிட்டால், சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கும் பணத்தோடு அடுத்த பதினைந்து ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குவது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

வாழ்க்கைத் தரம் பற்றிய ஆய்வுகள்

கருவி பொருத்திய பெரியவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உருவாக்கப்பட்ட வினாத்தாள் 2000இல் வெளியானது. பேசிப் பழகியபின் செவிப்புலனை இழந்தவர்களிடம் இத்தகைய அளவீடுகள் பெரும்பாலும் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டுகின்றன. வளரிளம் பருவத்தினரிடம் கதை வேறு. தாமே செவிப்புலனற்ற உளவியலாளரான ஐரீன் லீயும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கருவி உள்ள பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் தன்மதிப்பிலோ தனிமையுணர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பூர்ணா குஷால்நகர் குழுவினர் 2011இல் வெளியிட்டது இன்னும் நேரடியானது. பெற்றோர் சொல்வது தனக்குப் புரிகிறது என்று உணரும் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையை நல்லதாக மதிப்பிட்டார்கள்.

காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பதாக அமெரிக்கத் தரவுகள் காட்டுகின்றன. அத்தகைய வீட்டில் பெரும்பாலும் ஒருவருக்கும் சைகை தெரியாது. கருவியும் தாமதமானால், பிள்ளை முதல் ஐந்து ஆண்டுகளை மொழியே இல்லாமல் கழிக்கிறது. அந்த இழப்பைப் பின்னால் எந்தக் கருவியும் எந்தப் பாடசாலையும் முழுதாக ஈடுசெய்வதில்லை. கருவி பலன் தருமா தராதா என்பது உறுதியாகத் தெரியும் வரை சைகையைத் தள்ளிப்போடச் சொல்லும் பழைய ஆலோசனை, இந்தக் காரணத்தாலேயே இன்று பல ஆய்வாளர்களால் மறுக்கப்படுகிறது. சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை.

தோட்டத்துப் பெற்றோர் கருவியை விரும்பினால் அது அவர்களுடைய உரிமை. வேண்டாம் என்றால் அதுவும் உரிமை. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பிள்ளைக்குச் சைகையும் தமிழும் முதல் ஆண்டிலிருந்தே வீட்டுக்குள் வர வேண்டும். ஆறு மாதப் பிள்ளை தட்டின் ஓசைக்குத் திரும்பவில்லையென்றால், குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், செவிப்புலன் பரிசோதனைக்கு எழுதித் தரக் கேளுங்கள். பேச்சு வரும் என்று காத்திருக்காதீர்கள்.