கண்டத்துக்குப் பெண்பெயர், பெண்ணுக்குப் பெயரில்லை

ஐரோப்பியர் கடல் கடந்ததற்குப் பொன், மதம், புகழ் என மூன்று காரணங்களைச் சொல்லித்தருகிறோம். அவை பொய்யல்ல. 1492 ஏப்ரலில் கொலம்பஸ் ஸ்பெயின் அரச தம்பதியோடு செய்துகொண்ட ஒப்பந்தம், பொன்னிலும் முத்திலும் நறுமணப் பொருள்களிலும் பத்தில் ஒரு பங்கை அவருக்கு உறுதிசெய்தது. அரசப் பிரதிநிதி என்னும் பதவியையும் தந்தது. மறு ஆண்டே போப் ஆறாம் அலெக்சாண்டர் அந்த நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கி, அங்குள்ளோரை மதம் மாற்றும் பொறுப்பையும் ஒப்படைத்தார்.

ஆனால் பேராசைக்கு ஒரு மொழியும் தேவைப்பட்டது. அது பெண்ணுடலிலிருந்து எடுக்கப்பட்டது. 1498இல் தென்னமெரிக்கக் கரையைக் கண்ட கொலம்பஸ், உலகம் முழு உருண்டையல்ல, பெண்ணின் முலைபோல் ஓரிடத்தில் மேடிட்டிருக்கிறது, சொர்க்கம் அங்கேதான் இருக்கிறது என்று எழுதினார். 1507இல் புதிய கண்டத்துக்கு அமெரிகோ வெஸ்பூச்சியின் பெயரைச் சூட்டியவர்கள் அதைப் பெண்பாலாக்கினார்கள். ஐரோப்பாவும் ஆசியாவும் பெண்களின் பெயர்கள்தாமே என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்ட்ராடானஸ் வரைந்த ஓவியத்தில், முழு உடையணிந்து, கொடியோடு நிற்கிறார் வெஸ்பூச்சி. கயிற்றுத் தூளியிலிருந்து ஆடையின்றி எழுகிறாள் அமெரிக்கா. அவர் வரும்வரை அவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

அவள் தூங்கவில்லை என்பதற்குச் சான்று அவர்களிடமே இருக்கிறது. கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் உடன்சென்ற மிக்கேலே தா கூனியோ 1495இல் எழுதிய கடிதம் அது. சிறைப்பிடித்த கரீபியப் பெண்ணொருத்தியைக் கொலம்பஸ் தனக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். அவள் நகங்களால் கீறிப் போராடியதையும், கயிற்றால் அடித்து அவளைப் பணியவைத்ததையும் வெட்கமின்றி, வெற்றிக்கதையாக விவரிக்கிறார். அவள் பெயரை எழுத வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

ஓவியத்தையும் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நிலத்தைக் காத்திருக்கும் பெண்ணாகக் கற்பனை செய்தால் கொள்ளை வரவேற்பாகிவிடுகிறது. பெண்ணை நிலமாகக் கருதினால் வன்முறை உரிமையாகிவிடுகிறது. முதலாவது அருங்காட்சியகத்தில் கலையாகத் தொங்குகிறது. இரண்டாவதோ நம் பாடநூல்களில் இடம்பெறுவதே இல்லை.

உழப்படாத மண்ணை நாமும் 'கன்னி நிலம்' என்கிறோம். நானும் கவிதையில் எழுதியிருக்கிறேன். யாரும் தொடாதது, ஆகவே தொடுபவனுக்கே சொந்தம் என்னும் கணக்கு அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கூனியோவின் கடிதத்தைப் படித்தபின் அச்சொல் என் பேனாவில் வருவதில்லை. நகங்களோடு போராடிய ஒருத்தி குறுக்கே நிற்கிறாள்.