கப்பலை நிறுத்தும் அதிகாரம்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, பாலாற்றில் கலந்து, வாயலூருக்கு அருகே வங்கக் கடலை அடைகிறது. இன்று அம்மலைக்கும் அக்கழிமுகத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றமே உரியது. ஆனால், நிலத்தின் நீதி முடிந்து கடலின் நீதி தொடங்கும் இடம் எது என்பது ஒரு காலத்தில் நீதிமன்றங்களுக்கிடையே பெரும் பூசலாக விளங்கியது.

இங்கிலாந்தில் கடற்படைத் தலைவரின் நீதிமன்றம் நிலத்து வழக்குகளிலும் தலையிடுகிறது என்ற முறையீடு எழவே, இரண்டாம் ரிச்சர்டு காலத்தில் 1389, 1391ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதனைக் கடலோடு நிறுத்தின. ஆறுகளில், கடலை நோக்கிய பாலங்களுக்குக் கீழே நிற்கும் பெருங்கப்பல்களில் நிகழும் கொலையும் உறுப்புச் சேதமும் மட்டுமே அதற்கு விடப்பட்டன.

இந்த எல்லைக்கோட்டினால் இழந்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். கடல்சார் நீதியின் தனித்தன்மை, கப்பலையே பிரதிவாதியாக்கிச் சிறைபிடிப்பது. உரிமையாளர் எந்நாட்டில் இருந்தாலும், கப்பல் பிணையாக நிற்கும். துறைமுகத்தில் கயிறும் உணவும் கடனாகக் கொடுத்த வணிகனுக்கு அவ்வழி அடைபட்டது. கப்பல் புறப்பட்டுவிட்டால் அவனது கடனும் உடன் போயிற்று.

1840ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டுக் கப்பலுக்குப் பொருள் வழங்கியோரைச் சேர்த்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல் தலைவனின் கூலியையும், துறைமுகத்துக்குள் கொண்டுவரப்படும் சரக்கின் சேதத்தையும் உள்ளடக்கியது.

சென்னையில் 1683ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 1686இல் கடல்சார் நீதிமன்றம் அமைந்தது. பின்னர் அவ்வதிகாரம் 1801இல் உச்ச நீதிமன்றத்துக்கும், 1862இல் உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. 1890, 1891ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், கல்கத்தா, பம்பாய், சென்னை நீதிமன்றங்களுக்கு அன்றைய இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் கடல்சார் அதிகாரத்தையே அளித்தன. பின்னர் இங்கிலாந்து தன் சட்டத்தை விரித்துக்கொண்டது. ஆனால் 1890ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரம் அந்த ஆண்டின் அளவோடு நின்றுவிடும் என 1927இல் பிரிவி கவுன்சில் கருதியது. விடுதலைக்குப் பின்னும் நாம் அந்தப் பழைய அளவுகோலையே வைத்திருந்தோம்.

1984இல் மர்மகோவாவிலிருந்து சரக்கேற்றிச் சென்ற 'எலிசபெத்' என்ற அயல்நாட்டுக் கப்பல், சரக்குரிமை ஆவணங்களை வழங்காமலே புறப்பட்டது. சரக்கனுப்பியவரின் கட்டளையை மீறி, சேருமிடத்தில் சரக்கு ஒப்படைக்கப்பட்டது. கப்பல் விசாகப்பட்டினம் வந்தபோது ஆந்திர உயர் நீதிமன்றம் அதைச் சிறைபிடித்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் 'உள்ளே வரும்' சரக்கையே சொல்கிறது, இதுவோ 'வெளியே சென்ற' சரக்கு என்பது எதிர்வாதம். உயர் நீதிமன்றங்கள் இயல்பாகவே விரிந்த அதிகாரமுடையவை, பழைய சட்டத்தின் சொல் அவற்றைக் கட்டாது என்று 1992இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாடாளுமன்றம் 2017இல் இயற்றி, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அந்தப் பழைய சட்டங்களை நீக்கியது. அதிகாரம் எட்டு உயர் நீதிமன்றங்களுக்கு விரிந்தது. கப்பலின் மேலுள்ள பற்றுரிமைகளில் மாலுமியின் கூலிக்கும், அவர் ஊர் திரும்பும் செலவுக்கும் முதலிடம் தரப்பட்டது. ஆயினும் கூலி நிலுவையான நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் கப்பல் சிறைபிடிக்கப்படாவிட்டால் அப்பற்றுரிமை அற்றுப்போகும். அதற்குள் அவர் நீதிமன்றத்தின் வாயிலை எட்டியாக வேண்டும்.