கைக்கு அடங்கிய கமரா

எல்கடுவ மலைகளிலே மாலை வேளையில் மூடுபனி இறங்கும். கொழுந்து மடுவத்தை நோக்கி வரும் பெண்களின் முகங்கள் அப்பனியிலே தோன்றி மறையும். அம்முகங்களை இதுவரை படம்பிடித்தோர் யாவர்? எக்கருவியாற் பிடித்தனர்? கருவி சிறுக்கச் சிறுக்க அதனை ஏந்தும் கையும் மாறிவந்தது என்பதே அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையாகும்.

புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞரான ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்குக் குடிவந்தார். கண்ணாடித் தட்டிலே மருந்து பூசி, அதன் ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவவேண்டிய காலம் அது. பெரிய மரப்பெட்டியும் தாங்கியும் மருந்துப் போத்தல்களும் இன்றியமையாதன. ஆள்பலமும் பொருள்வளமும் உடையோர்க்கே அக்கலை கைகூடும். அம்மையார் 1879 இல் மலைநாட்டிலேயே காலமானார். பின்னர் வணிக நிறுவனங்கள் கொழுந்து பறிப்போரின் படங்களை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றன. ‘தமிழ்க் கூலிகள்’ என்பது போன்ற தலைப்பு அட்டையில் இருக்கும். படத்திலுள்ள பெண்ணின் பெயரோ இராது.

தோட்டத்து மக்கள் தாமே கேட்டு எடுத்துக்கொண்ட படங்கள் மிகக் குறைவு. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் அவர்களை விண்ணப்பங்களுக்கும் கடவுச்சீட்டுகளுக்கும் உள்ளாக்கின. பாட்டனாரின் முகத்தைக் காண விழையும் பேரனுக்குச் சில லயங்களில் இன்று எஞ்சியிருப்பது, அத்தகைய பத்திரத்தில் ஒட்டிய சிறுபடம் ஒன்றே.

இனிக் கருவியின் கதைக்கு வருவோம். ஜெர்மனியிலே ஒஸ்கார் பார்னக் என்பவர் ஈளை நோயாளர். ஆயினும் மலையேற்றத்தில் விருப்புடையவர். கனத்த கமராவைச் சுமக்க இயலாத அவர் ஆக்கிய சிறுகருவியே 1925 இல் லைக்கா என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. பின்னர் ஒற்றை வில்லைக் கமரா பரவியது. வில்லை வழியே வரும் ஒளியை உள்ளேயுள்ள ஆடி மேலே திருப்பும். ஆதலால் வில்லை காண்பதையே நம் கண்ணும் காணும். இவ்வகைக் கமராவை 1972 இல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் வெகுவாகச் சிறிதாக்கிக் காட்டியது.

படச்சுருள் நீங்கி எண்ணிமமுறை வந்தபோது கருவி மறுபடியும் பருத்தது. 1999 இல் வந்த நிக்கோன் டி1 கனமும் விலையும் மிக்கது. 2003 இல் கெனன் 300டி அமெரிக்காவில் ஆயிரம் டொலருக்குட்பட்ட விலையில் வந்தது. 2006 இல் வந்த நிக்கோன் டி40 இன் உடல் 475 கிராம்; 2013 இல் வந்த கெனன் 100டி மின்கலத்துடன் சுமார் 400 கிராம். தோளிலே தொங்கவிட்டு ஏற்றமான தோட்டப் பாதையில் ஒருவர் தனியே நடக்கலாம். சட்டைப்பைக் கமராவினும் இதன் ஒளியுணரி பெரிது. ஆதலின் காமன் கூத்து நிகழும் இரவிலும், லயத்து அறையின் மங்கல் ஒளியிலும் முகம் தெளிவாக விழும். விசையை அழுத்திய கணமே படம் பதியும். தோட்டத்து இளைஞர் தம் ஊர்த் திருமணங்களையும் திருவிழாக்களையும் தாமே படம்பிடிக்கும் நிலை இதனால் எய்திற்று.

குறைகளும் உள. கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாக மலிவான ஆடிகளைப் பொருத்தியமையால் பார்வைத் துளை சிறுத்து மங்கியது. பிடி சிறிதாகையால் பெரிய கைக்குச் சுண்டுவிரல் வைக்கவும் இடமில்லை. டி40 இல் குவிய மோட்டார் இல்லாமையால் பழைய வில்லைகள் பலவற்றைக் கையாலேயே திருப்பிக் குவிக்கவேண்டியிருந்தது. நீர் புகாக் காப்பு இவற்றில் இல்லை. நம் மலைநாட்டு ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்கிறது. உடல் சிறுத்தபோதும் வில்லை அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. உள்ளிருக்கும் ஆடிக்கும் இடம் வேண்டும். அவ்வாடியையே நீக்கிய பனசொனிக் ஜி1 2008 இல் வந்தபின், ஒற்றை வில்லைக் கமராவின் சிறப்பு மெல்ல மெல்ல மங்கலாயிற்று.

எனினும் என் சிந்தையை வருத்துவது வேறொரு குறை. எண்ணிமப் படம் எடுப்பது எளிது, இழப்பதும் எளிது. நான் அறிந்த பாடசாலை ஒன்றிலே பல ஆண்டுப் பரிசளிப்பு விழாப் படங்கள் ஒரே கணினியில் இருந்தன. அது பழுதுற்ற அன்றே அத்தனையும் மறைந்தன. கமரன் அம்மையாரின் படங்களை இன்றும் காண்கிறோம். பத்தாண்டுக்கு முன் பரிசு பெற்ற நம் பிள்ளையின் முகத்தைக் காண இயலவில்லை. அன்று படம் இருந்தது, பெயர் இல்லை. இன்று பெயரை நாம் அறிவோம், படம் நிலைப்பதில்லை. இரண்டும் ஒருவகை மறதியே அன்றோ?

ஆதலால், நேயர்களே, ஆண்டுதோறும் பத்துப் படங்களையேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள். பின்புறத்திலே மென்மையான பென்சிலால் படத்தில் உள்ளோர் பெயரையும் தோட்டப் பிரிவையும் ஆண்டையும் எழுதுங்கள். அஞ்சலட்டை எழுத மறந்த பெயர்களை நம் கையாலேயே எழுதுவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.