சத்தியம் செய்யாதாரின் வங்கி

வடஅமெரிக்காவில் மென்னோனைட் சபையார் நடத்திவரும் கல்லூரிகளில், பல்லாண்டுகள் வங்கியிலிருந்து கடன் மனுக்களைப் பரிசீலித்துவிட்டு, பின்னர் வகுப்பறைக்கு வந்து வணிக நிர்வாகத்தையும் அறநெறியையும் ஒருங்கே போதிக்கும் பேராசிரியர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், அயலார்க்குச் சற்றே வியப்பு உண்டாகும். யுத்தத்துக்குப் போகமாட்டோமென்று மறுத்து, நியாயஸ்தலத்தில் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்து, சகோதரன்மேல் வழக்குத் தொடுப்பதையும் பாவமென்று விலக்கி, வயலும் பசுவுமே கதியென்று வாழ்ந்ததாக உலகம் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்துக்கும், ஜாமீனும் ஜப்தியும் இன்றி நடவாத வங்கித் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் மிகப் பழையது. தாய் தந்தையரை இழந்த குழந்தைகளின் சொத்துப் பாகத்திலிருந்து பிறந்தது.

1525-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜூரிக் நகரில், அறியாப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாதென்று கருதிய சிலர் ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டதும், அவர்களுள் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை இரண்டாண்டு நிறைவதற்குள் நகரத்தார் லிம்மாட் நதியில் அமிழ்த்திக் கொன்றதும் சரித்திரப் பிரசித்தம். வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாயிருந்த மென்னோ சைமன்ஸ் 1536-இல் அப்பதவியைத் துறந்து, சிதறிக் கிடந்த இக்கூட்டத்தாரை ஒன்று திரட்டியமையால், அவர் பெயரே அவர்களுக்கு நிலைத்தது. ஆணையிட வேண்டாமென்ற மலைப்பிரசங்கக் கட்டளையை எழுத்துப் பிசகாமல் கைக்கொண்டவர்கள் ஆதலால், 1577-இல் மிடில்பர்க் நகரத்து அதிகாரிகள், பிரமாணம் செய்யாதவன் கடை திறக்கலாகாது என்று தடுத்தபோது, டச்சுத் தலைவரான ஆரஞ்சு வில்லியம் தலையிட்டு, இவர்கள் ‘ஆம்’ என்று சொல்வதே பிரமாணத்துக்கு ஈடாகும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அரசாங்கப் பதவிகளின் கதவு அடைபட்டிருந்ததால் வியாபாரத்தில் இறங்கிய இவர்களைத் தேடி, சொல் தவறாதவர்கள் என்ற பெயரின் பின்னாலேயே செல்வமும் வந்தது. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658-இல் நாகப்பட்டினத்தையும் பிடித்துக்கொண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் பங்கு திரட்டியபோது பணம் போட்டவர்களில் மென்னோனைட் வணிகரும் இருந்தனர். ஆனால் கப்பல்களில் பீரங்கி ஏறியதைக் கண்டு மனம் பொறாமல், பீட்டர் லைன்ட்கென்ஸ் என்னும் பெருவணிகர் தம் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். கடனைத் தீர்க்க இயலாமல் திவாலானவனைச் சபை விசாரித்துத் தண்டித்த வழக்கமும் அக்காலத்து டச்சுச் சபைகளில் இருந்தது. கணக்குப் பிசகு அவர்களுக்கு ஆன்மாவைப் பற்றிய விஷயம்.

ஆயினும் வங்கி என்று சொல்லத்தக்கது ஆம்ஸ்டர்டாமின் தனவந்தர்களிடத்தில் அன்று, போலந்தின் விஸ்டுலா நதியின் சதுப்பு நிலங்களைக் கரை கட்டித் திருத்திய மென்னோனைட் அகதிக் குடியானவர்களிடத்தில்தான் வேர் கொண்டது. ஜெர்மன் மொழியில் ‘வைஸனாம்ட்’ எனப்பட்ட அநாதைப் பரிபாலன சபையை அங்கிருந்து அவர்கள் கூடவே எடுத்துக்கொண்டு, கேதரின் மகாராணியின் அழைப்பின் பேரில் 1789 முதல் தென் ருஷ்யாவின் ஹோர்ட்டிட்ஸாவிலும், பின்னர் 1804 முதல் மோலோச்னாவிலும் குடியேறினர்.

அதன் நடைமுறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒரு குடியானவன் இறந்தால், சபை நியமித்த கார்டியன்மார் இருவர் அவன் வீட்டுக்கு வருவர். நிலம், கறவை மாடு, குதிரை, கலப்பை தொடங்கிச் சுவர்க்கடிகாரம், இறகு மெத்தை ஈறாக அனைத்தையும் மதிப்பிட்டு, கடனைக் கழித்து, மிஞ்சியதில் பாதியை விதவைக்கும், மறுபாதியை ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் எழுதிவைப்பர். மனைவி முந்திக்கொண்டாலும் விதி அதுவே. இந்தப் பாகப்பிரிவினை முடியாமல் உயிரோடிருப்பவர் மறுமணம் செய்துகொள்ளுதல் கூடாது. மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு என்பதை நம் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இல்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஏற்றுக்கொண்டது என்பதை நினைக்கும்போது, படிப்பு மிகாத அக்குடியானவர்களின்மேல் மதிப்பு உயர்கிறது. மைனர் பிள்ளையின் பாகம் ரொக்கமானால் அது பரிபாலன சபையின் பேரேட்டில் அப்பிள்ளையின் பெயரில் ஏறும். பணம் பெட்டியில் தூங்காமல், நிலம் வாங்கும் மற்றொரு குடியானவனுக்கு வட்டிக்குப் போகும். வட்டி பிள்ளையின் கணக்கில் சேரும். வயது வந்ததும் முதலும் வட்டியும் கையில் கிடைக்கும். நாளடைவில் அநாதைகளல்லாதாரும் தம் சேமிப்பைக் கொண்டுவந்து போட, தரும காரியமாகத் தொடங்கியது தானே ஒரு வங்கியாயிற்று.

இந்த வங்கியின் பலம் அனைத்தும் ஒரே இடத்தில் இருந்தது: கடன் வாங்குபவன் யாரென்று கொடுப்பவனுக்குத் தெரியும். அவன் தகப்பன் யார், உழவு எப்படி, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெஞ்சில் உட்காருவான் என்பதெல்லாம் தெரியும். தவணை தவறினால் கோர்ட்டுக்குப் போவதில்லை, சபை மூப்பர் வீடு தேடி வருவார், மிஞ்சினால் சபைநீக்கம். பலவீனமும், அதை எத்தனை பேர் அன்று உணர்ந்தார்களோ, அதே இடத்தில்தான் இருந்தது. அறிந்தவன் கேட்கும்போது இல்லையென்று சொல்லும் வாய் எவருக்கும் எளிதில் வருவதில்லை. சொத்தின் மதிப்பு சரியும் காலத்தில், ஒரே ஊரார் ஒரே பயிரை நம்பி ஒருவருக்கொருவர் கடன்பட்டிருக்கும்போது, நல்லெண்ணம் பேரேட்டின் பள்ளத்தை நிரப்பாது.

அந்தக் காலம் கனடாவில் வந்தது. ருஷ்யாவில் இராணுவ விலக்கு பறிபோகும் என்றஞ்சி, 1874 முதல் ஏறத்தாழ 7,000 பேர் மானிடோபா சமவெளிக்கு வந்தபோது, பரிபாலன சபைகளும் உடன் வந்தன. பெர்க்தால் குடியிருப்பினர், அநாதைகளின் பணத்திலிருந்தே ஏழைகளுக்குக் கப்பல் கூலி கொடுத்து ஊரோடு பெயர்ந்தனர். முதல் உலக யுத்தத்தின்போது கோதுமை விலை ஏற, நிலத்தின் விலையும் ஏற, கடனும் தாராளமாயிற்று. யுத்தம் முடிந்து விலை விழுந்தது. பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென்ற சட்டத்துக்கு இணங்காதோர் ஆயிரக்கணக்கில் மெக்ஸிகோவுக்கும் பராகுவேக்கும் குடிபெயர்ந்தனர். 1929-க்குப் பின் வந்த பெருமந்தம் மிச்சத்தை முடித்தது. மானிடோபாவின் பெரிய பரிபாலன சபைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. போட்ட பணம் திரும்பாதவர்களுள் விதவைகளும் அநாதைகளும் இருந்தனர் என்பதைக் காட்டிலும் கொடிய முரண் வேறென்ன வேண்டும்? களவு போயிருந்தால் ஒருவனைக் குற்றஞ்சாட்டலாம். இங்கோ கொடுத்தவனும் வாங்கியவனும் பெரும்பாலும் யோக்கியர்கள்.

அடுத்த தலைமுறை கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத் திரும்பியது. 1941-இல் ஸ்டைன்பாக் ஊரில் தோன்றிய சங்கம் இன்றும் கனடாவின் பெரிய கடன் சங்கங்களுள் ஒன்றாக விளங்குகிறது. இங்கே அரசாங்கச் சட்டம் உண்டு, தணிக்கை உண்டு, மூப்பர் இல்லை.

அமெரிக்காவில் வேறொரு தேவை முன்னின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயுதம் தொட மறுத்த இளைஞர்கள், காட்டுவேலை முகாம்களிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் கூலியின்றி வேலை செய்து, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். இவர்களுக்குக் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட 1945-இல் ‘மென்னோனைட் மியூச்சுவல் எய்ட்’ ஏற்பட்டது. இதற்கு வித்திட்டவர் வங்கிக்காரர் அல்லர். இண்டியானா மாநிலத்துக் கோஷன் கல்லூரியில் சரித்திரமும் அறநெறியும் போதித்த கை ஹெர்ஷ்பெர்கர் என்னும் பேராசிரியர். பரஸ்பர உதவியும் கிராம வாழ்வும் சேர்ந்தால் சபை கறைபடாது என்று நம்பியவர் அவர். ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுப்பதே கடவுள்மீது அவநம்பிக்கை என்று கருதியவர்கள் சபையில் பலர் இருந்த நாளில், பணத்துக்கென்று ஒரு ஸ்தாபனத்தை நிறுத்தியது சிறிய சாதனையன்று. 1953-இல் வேறு சிலர் கூடிப் பராகுவேயிலிருந்த ஏழைச் சகோதரர்களுக்குப் பால்பண்ணை முதலிய தொழில்களில் மூலதனம் கொடுக்கப் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஓரி மில்லர் பாதரட்சைக் கம்பெனி நடத்தியவர். ஹெர்ஷ்பெர்கர் தொடங்கிவைத்த ஸ்தாபனமோ, 1994-இல் ஆயுதத் தொழிலில் பணம் போடாத பரஸ்பர நிதி ஒன்றை ஆரம்பித்து, 2010-இல் ‘எவரென்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆனால் கிராமம் கரைந்துவிட்டது. கடன் கேட்பவர் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார் என்று இன்றைய அதிகாரிக்குத் தெரியாது. இல்லையென்று சொல்லும் கடமையும் ஜப்தி நோட்டீஸில் கையொப்பமிடும் கடமையும் அவர் மேஜைக்கே வருகின்றன. 1940-களில் சீனாவில் நிவாரணப் பணி செய்து, இருப்பதைக் கொண்டு எல்லோரையும் காக்க இயலாத நிலையைக் கண்ணாரக் கண்ட மென்னோனைட் சபையாரான லாரன்ஸ் பர்க்ஹோல்டர், அன்பு என்னும் ஒரே கட்டளையால் இத்தகைய சிக்கல்களை அவிழ்க்க முடியாது, அதிகாரத்தைக் கையிலெடுப்பவன் சமரசத்தையும் ஏற்றாக வேண்டும் என்று 1958-இல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் வாதித்தார். ஹெர்ஷ்பெர்கரின் வழியினர்க்கு அது கசந்தது. பின்னாளில் அவரே கோஷன் கல்லூரிக்குத் தலைவரான பிறகும் அக்கட்டுரை நூலாகவில்லை, 1989-இல்தான் அச்சேறியது. வங்கியை விட்டு வகுப்பறைக்கு வரும் பேராசிரியர் மாணாக்கர் முன் நின்று விடை தேட வேண்டிய கணக்கு, ஹெர்ஷ்பெர்கரும் பர்க்ஹோல்டரும் தீர்க்காமல் விட்டுப்போன கணக்கே; அதை அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர்.